மூன்றே முக்கால் கெஜம்

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் நார்பெர்ட் விட்கோவின் தலைவலி.

திரையில் இரண்டு எண்கள். முதலாவது: லூஷியஸ் டார்ப்லி, வயது முப்பத்தைந்து, ஓட்ட வேகத்தில் அமெரிக்கக் கால்பந்து லீகின் நூற்று இருபத்தெட்டு ரிசீவர்களில் நூற்று இருபத்தாறாவது. அவருக்குப் பின்னால் இருக்கும் இருவரில் ஒருவர் காலில் கட்டோடு ஆடுகிறவர். இரண்டாவது எண்: பந்து கைக்கு வரும் நொடியில் டார்ப்லிக்கும் அவரைத் தடுக்க வந்த ஆளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, சராசரியாக மூன்றே முக்கால் கெஜம். இதில் லீகிலேயே அவர்தான் முதல்.

ஒரு ரிசீவரின் வேலையைச் சொல்வது சுலபம். ஓட வேண்டும். சட்டையோடு ஒட்டியதுபோல் கூடவே ஓடிவரும் தடுப்பாளனிடமிருந்து பிய்த்துக்கொள்ள வேண்டும். பந்து வந்தால் பிடிக்க வேண்டும். மூன்றில் நடுவில் இருப்பதுதான் உயிரை வாங்கும். ஒட்டி வருகிறவனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கிற கால்கள். அவனிடமிருந்து அரை கெஜம் விலகினாலே பாராட்டுவார்கள். ஒரு கெஜம் விலகினால் சம்பளத்தை உயர்த்துவார்கள். மூன்றே முக்கால் கெஜத்தில் ஒரு சாப்பாட்டு மேசையைப் போட்டு நான்கு பேர் உட்காரலாம்.

கிழவர் லீகின் வேகமான பையன்களிடமிருந்து வாரா வாரம் ஒரு சாப்பாட்டு மேசை தூரம் விலகி நிற்கிறார். எப்படி?

நார்பெர்ட் முதலில் கருவியைச் சந்தேகப்பட்டார். ஆட்டக்காரர்களின் தோள்கவசத்துக்குள் காசு அளவில் ஒரு சில்லு இருக்கும். ஆள் எங்கே இருக்கிறார் என்பதை நொடிக்குப் பத்து முறை சொல்லும். அதை மாற்றிப் பார்த்தார். அதே எண். பிறகு படத்தை நிறுத்தி, மைதானத்தில் வெள்ளையடித்த கோடுகளை வைத்துக் கையாலேயே அளந்தார். அப்போதும் மூன்றே முக்கால்.

இது வெறும் ஆர்வக்கோளாறு அல்ல. டொலீடோ கிளேஸியர்ஸ் அணியில் ஆட்டக்காரர்களின் மதிப்பைக் கணக்கிடுவதுதான் அவர் வேலை. ஊர்க்காரர்கள் அணியைக் கண்ணாடிக்காரர்கள் என்பார்கள். இந்த வருடம் ஏழு ஆட்டம் ஆடி ஆறில் நொறுங்கியிருந்தார்கள். டார்ப்லி பதின்மூன்று வருடமாக இங்கேயே ஆடியும் ஒருமுறைகூட இறுதி ஆட்டத்தை எட்டியதில்லை. வசந்தத்தில் ஓய்வு பெறுகிறார். போர்ட்லேண்ட் அணியோ ஏழுக்கு ஏழும் ஜெயித்து நிற்கிறது. அவர்களுக்கு ஒரு ரிசீவர் தேவை. அங்கே அனுப்பினால் மனிதர் போவதற்குள் ஒரு இறுதி ஆட்டம் ஆடிவிடலாம். ஆட்களை மாற்றிக்கொள்ளும் கதவு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு மூடிவிடும்.

பொது மேலாளர் ரோலண்ட் ஹாஃப் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"மூணாவது சுற்று. அதுக்குக் கீழ ஒரு படி இறங்கினாலும் அனுப்ப மாட்டேன்."

"பாஸ், அவருக்கு முப்பத்தஞ்சு வயசு."

"பாதி ஊர் அவர் பேர் போட்ட சட்டையோட திரியுது. சும்மா தூக்கிக் குடுத்தா என் வீட்டு ஜன்னல் ஒன்னுகூட மிஞ்சாது. மூணாவது சுற்று வாங்கிக் குடு, நானே ஏர்போர்ட்ல கொண்டுபோய் விடறேன். இல்லைன்னா இங்கேயே தோத்துட்டு வீட்டுக்குப் போகட்டும்."

இந்த ஆட்டத்தில் ஆளுக்கு விலை பணமாக வருவதில்லை. வசந்தத்தில் அணிகள் வரிசையில் நின்று கல்லூரிப் பையன்களைப் பொறுக்கும். மொத்தம் ஏழு சுற்று. அந்த வரிசையில் ஓர் இடம்தான் செலாவணி. முதல் சுற்றில் இடம் கிடைத்தால் தங்கம். மூன்றாம் சுற்று நல்ல வெள்ளி. ஏழாம் சுற்று பழைய பஸ் டிக்கெட்.

போர்ட்லேண்டின் மேலாளர் வான் ஸட்டர் வியாழக்கிழமை தொலைபேசியில் ஐந்தாம் சுற்று என்றார். நார்பெர்ட் உற்சாகமாக அந்த மூன்றே முக்கால் கெஜக் கணக்கை அனுப்பினார். இதைப் பார்த்தால் மனுஷன் மயங்கிவிடுவான் என்று நினைத்தார்.

ஒரு மணி நேரத்தில் ஸட்டர் கூப்பிட்டார்.

"பார்த்தேன். ஆறாவது சுற்று."

"குறைச்சிட்டீங்களே."

"பின்ன? அவரைத் தடுக்கணும்னு எவனுக்கும் தோணலைன்னுதானே அர்த்தம்? கடைசி பஸ் போனப்புறம் ஸ்டாப்புல நிக்கிறவர் மாதிரி தனியா நிக்கிறாரு. அதை வேற நீங்களே அளந்து அனுப்பியிருக்கீங்க."

நார்பெர்ட் ஹாஃபின் அறைக்குப் போனார்.

"பாஸ், ஞாயித்துக்கிழமை அவருக்கே பந்தை எறியச் சொல்லுங்க. எதிர்ல ஒமாஹா. டெல்வின் க்ரிஸ்ப் தடுப்பான். லீகிலேயே கெட்டியானவன். அவனையே கழட்டி விட்டாருன்னா ஸட்டரால வாயைத் திறக்க முடியாது."

"எறியச் சொல்றேன். ஆனா ஜெயிச்சுத் தொலைக்காதீங்க."

ஹாஃபின் கவலையில் நியாயம் இருந்தது. வசந்த வரிசையில் அதிகம் தோற்றவருக்குத்தான் முதலிடம். ஆறு தோல்வி கொடுத்த முதலிடத்தை அவர் கைக்குழந்தைபோல் பார்த்துவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டார்ப்லி ஆடியதை நார்பெர்ட் நின்றுகொண்டே பார்த்தார். பதினொரு வருடமாக அவருடைய ஒவ்வொரு ஓட்டத்தையும் படத்தில் பார்த்தவர். பன்னிரண்டு கெஜத்தில் திரும்ப வேண்டும் என்று திட்டத்தில் இருந்தால் டார்ப்லி பன்னிரண்டில்தான் திரும்புவார். பதினொன்றே முக்காலில் அல்ல. ஏனென்றால் அவர் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்பிவிடும். ஆள் இருக்கும் இடத்துக்கு அல்ல, ஆள் வரப்போகும் இடத்துக்கு. எறிகிறவர் கண்ணை மூடிக்கொண்டு எறியலாம், டார்ப்லி அங்கே வந்து நிற்பார். பந்து அவர் கையில் விழும்போது சத்தமே கேட்காது. மற்றவர்கள் பந்தைப் பிடிப்பார்கள். இவர் வாங்கிக்கொள்வார்.

அன்று ஒன்பது முறை வாங்கிக்கொண்டார். ஒன்பது முறையும் தனியாக. டார்ப்லி வலது பக்கம் திரும்பும்போது க்ரிஸ்ப் இடது பக்கம் பாய்ந்தான். டார்ப்லி இடது பக்கம் போனால் க்ரிஸ்ப் வலது பக்கம். ஒருமுறை பாய்ந்த வேகத்தில் எல்லைக்கு வெளியே வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாயோடு உருண்டான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. கண்ணாடிக்காரர்கள் முப்பத்தொன்றுக்குப் பத்து என்று ஜெயித்தார்கள்.

மேலே கண்ணாடி அறையில் ஹாஃப் கத்திக்கொண்டிருந்தார். "போதும்டா. பிடிக்காதீங்கடா. தோத்துத் தொலைங்கடா." ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் தொண்டை கட்டியது. நான்காவதில் குரலே நின்றுபோனது.

திங்கட்கிழமை காலை அவர் மேசையில் எலுமிச்சைத் தேன் வெந்நீரும் ஒரு மஞ்சள் தாள் கட்டும் இருந்தன. நார்பெர்ட் உள்ளே வந்ததும் எழுதிக் காட்டினார்.

*நாலாவது இடத்துக்குப் போயிட்டோம்.*

அடுத்த தாள்: *உன்னால.*

அதற்கடுத்தது: *இனி போன்ல நீதான் பேசணும்.*

நார்பெர்ட் வாழ்நாளில் பேரம் பேசியதில்லை. பழைய கார் வாங்கப் போனபோதுகூட ஒட்டியிருந்த விலையைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லி வந்தவர். பயந்துகொண்டே போர்ட்லேண்டுக்குப் பேசினார்.

"ஒன்பது கேட்ச், மிஸ்டர் ஸட்டர். அதுவும் க்ரிஸ்ப்புக்கு எதிரா."

"பார்த்தோம். அந்தப் பையனுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. ஒன்பது தடவையும் எதிர்ப் பக்கம் ஓடறான். ஒரு நாய்க்குட்டியை விட்டிருந்தாக்கூட நாலு தடவையாவது சரியான பக்கம் போயிருக்கும். இந்த ஆட்டத்தை நாங்க கணக்குலயே எடுத்துக்கல. ஏழாவது சுற்று."

ஹாஃப் மஞ்சள் தாளில் எழுதியதை அச்சில் போட முடியாது.

நார்பெர்ட் யோசித்தார். மர்மம் விடுபட்டால்தான் விலை ஏறும். ஒமாஹாவில் க்ரிஸ்ப்பின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்தார்.

"டெல்வின், டொலீடோவிலிருந்து பேசறேன். கணக்குப் போடறவன். நேத்து உங்களுக்கு என்ன ஆச்சு?"

எதிர்முனையில் பெருமூச்சு. "அதை மட்டும் கேக்காதீங்க சார். சொன்னா எங்க டீம்லயே என்னைச் சிரிச்சே துரத்திடுவாங்க."

"கண்ணு ஏதாவது?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. புத்திதான் கெட்டுப்போச்சு." வைத்துவிட்டான்.

மிச்சம் இருந்தது ஒரே ஆள். சிகிச்சை அறையில் டார்ப்லி இடது முழங்காலைப் பனிக்கட்டி வாளிக்குள் விட்டுக்கொண்டு, மிசிசிப்பியிலிருந்து வந்த வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க நார்பெர்ட். கடலை எடுத்துக்குங்க."

"லூஷியஸ், ஒன்னு கேக்கணும். வேகத்துல நீங்க நூத்தி இருபத்தாறாவது."

"அவ்வளவு மேலயா? சந்தோஷம்."

"ஆனா இடைவெளியில முதல் ஆள். அது எப்படின்னு பதினொரு நாளா மண்டையைப் பிச்சுக்கிறேன்."

டார்ப்லி ஒரு கடலையை வாயில் போட்டு நிதானமாக மென்றார். "சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

"நம்பறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போர்ட்லேண்ட் விஷயம் நடக்குமா?"

நார்பெர்ட் வாளியைப் பார்த்தார்.

"பதிமூணு வருஷமா பிப்ரவரி மாசம் சோபாவுல உக்காந்துதான் அந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்கிறேன்" என்றார் டார்ப்லி. "ஒரே ஒரு தடவை புல்லு மேல நின்னு பார்க்கணும். தோத்தாலும் பரவாயில்ல. அங்க நின்னு தோக்கணும்."

அதற்குள் மருத்துவ உதவியாளர் வந்து முழங்காலைப் படம் எடுக்க அழைத்துப் போய்விட்டார். நார்பெர்ட் கையில் இருந்த கடலையை உரிக்கவே மறந்துபோனார்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. ஹாஃப் எழுதிக் காட்டினார்: *வேற டீம் கூப்பிடுதுன்னு சொல்லு.*

"பாஸ், யாரும் கூப்பிடலையே."

*எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. சொல்லு.*

நார்பெர்ட் போர்ட்லேண்டுக்குப் பேசினார். "மிஸ்டர் ஸட்டர், இன்னும் மூணு டீம் லூஷியஸைக் கேக்கறாங்க."

"எந்த மூணு?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஹாஃப் அவசரமாக மூன்று ஊர்ப் பெயர்களை எழுதினார். நார்பெர்ட் படித்தார்.

"முதல் ஆளு நேத்துதான் வேற ரிசீவர் வாங்கிட்டான். ரெண்டாவது ஆளு என் மச்சான். மூணாவது ஊர்ல டீமே இல்லை. எங்கேயோ பார்த்துப் படிக்கிறீங்களா?"

ஹாஃபின் கையெழுத்து மோசம்.

"ஏழாவது சுற்று, அதுவும் நிபந்தனையோட" என்றார் ஸட்டர். "எங்ககிட்ட பாதி ஆட்டமாவது அவர் ஆடினாத்தான் தருவோம். ஆடலைன்னா ஒன்னும் கிடையாது."

*முட்டி*, என்று எழுதினார் ஹாஃப். *முட்டி நல்லா இருக்குன்னு சொல்லு.*

"அவர் முட்டி இருபது வயசுப் பையன் முட்டி மாதிரி இருக்கு, சார்."

"எந்தப் பையன்? மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்தவனா? எடுத்த படத்தை அனுப்புங்க."

படம் போயிற்று. படத்தில் முழங்காலைச் சுற்றி நீர் கோத்திருந்தது மருத்துவம் படிக்காதவர்களுக்கும் தெரிந்தது. பதினைந்து நிமிடத்தில் ஸட்டரின் பதில் வந்தது.

"பயிற்சிப் பந்து ரெண்டு டஜன் தர்றோம். காத்து அடிச்சே தர்றோம்."

மூன்று மணி நாற்பது. ஹாஃப் பேனாவை மூடினார். மறுபடி திறந்து எழுதினார்: *விடு. இங்கேயே முடியட்டும்.*

நார்பெர்ட் ஜன்னல் வழியே பார்த்தார். கீழே பயிற்சி மைதானத்தில் டார்ப்லி பந்து வீசும் இயந்திரத்தின் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் வீட்டுக்குப் போயாகிவிட்டது. இயந்திரம் சுட்டுத் தள்ளியது. அவர் ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் வாங்கிப் பக்கத்தில் இருந்த கூடையில் வைத்தார். ஒவ்வொரு பந்துக்கும் இடையில் நொண்டி நொண்டித் தன் இடத்துக்குத் திரும்பினார்.

நார்பெர்ட் தொலைபேசியை எடுத்தார். ஹாஃப் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"மிஸ்டர் ஸட்டர், நார்பெர்ட் விட்கோ. நான் பொய் சொல்லிட்டேன். எந்த டீமும் கூப்பிடல."

ஸட்டர் குறுக்கிடுவதற்குள் நார்பெர்ட் தொடர்ந்தார்.

"அவருக்கு முப்பத்தஞ்சு வயசு. வேகம் போயாச்சு. முட்டியில தண்ணி. வாரத்துல மூணு நாள் பயிற்சியில ஓடவே முடியாது. எட்டு வாரம் தாங்குவாரான்னு எனக்கே தெரியாது. எப்படித் தனியா நிக்கிறாருன்னும் தெரியாது, கண்டுபிடிக்க முடியல. ஒன்னு மட்டும் தெரியும். பன்னெண்டு கெஜம்னா பன்னெண்டு கெஜம். பதிமூணு வருஷத்துல ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு லேட்டா வந்ததில்ல. நான் உங்க இடத்துல இருந்தா அஞ்சாவது சுற்று தருவேன். அதுக்கு மேல ஒரு படி ஏற மாட்டேன். எங்க பாஸுக்கு மூணாவது வேணும். அவ்வளவு பெறாது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஹாஃப் எழுந்து நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். குரல் இருந்திருந்தால் ஊர்க் கோடியிலுள்ள ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

ஸட்டர் மெதுவாகக் கேட்டார்.

"யாரு கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடலைன்னு இப்பத்தானே சொன்னேன்."

"கொஞ்ச நேரம் முன்னாடி மூணு டீம்னீங்க. இப்ப யாரும் இல்லைங்கறீங்க. ஆளைப் பத்தியும் இவ்வளவு கேவலமாச் சொல்றீங்க. என்னை விலகிப் போக வைக்கிறீங்க, இல்ல? யாரோ பெருசா குடுத்திருக்கான்."

"சத்தியமா இல்லைங்க."

"நாலாவது சுற்று."

"அது அதிகம், மிஸ்டர் ஸட்டர்."

"அப்படியா? அந்த முட்டிப் படம் யாரோடது? டார்ப்லியோடதுதானா? இல்ல, வேற யாரோ படத்தை அனுப்பிப் பயமுறுத்தினீங்களா?"

"அவரோடதுதான். ரொம்ப மோசமா இருக்கு."

"ஐயா, இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். தன் ஆளோட முட்டி மோசம்னு எந்த மேலாளரும் என்கிட்ட சொன்னதில்ல. மூணாவது சுற்று. நிபந்தனை எதுவும் கிடையாது. இதுக்கு மேல ஏற மாட்டேன், காகிதத்தை அனுப்புங்க."

"நல்லா யோசிச்சீங்களா?"

"காகிதத்தை அனுப்புய்யா."

மூன்று ஐம்பத்தாறுக்குக் காகிதம் போனது. மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

ஹாஃப் நாற்காலியில் விழுந்தார். இரண்டு நாளாக வராத குரல் பழைய கதவு திறப்பதுபோல் கீச்சென்று வந்தது.

"எப்படிய்யா?"

"தெரியல, பாஸ்" என்றார் நார்பெர்ட். "உண்மையைத்தான் சொன்னேன்."

ஹாஃப் தாளை எடுத்து, *ராட்சசன்டா நீ*, என்று எழுதிக் கொடுத்தார். நார்பெர்ட் தான் பேரம் எதுவும் பேசவில்லை என்று விளக்க முயன்றார். ஹாஃப் கண்ணைச் சிமிட்டினார். அவரும் நம்பவில்லை.

செய்தியைச் சொல்ல நார்பெர்ட் தானே மைதானத்துக்கு இறங்கிப் போனார். டார்ப்லி இயந்திரத்தை நிறுத்தினார். கேட்டுக்கொண்டார். கையுறைகளைக் கழற்றி, மடித்து, பையில் வைத்தார். பிறகு நார்பெர்ட்டை எலும்பு நொறுங்குமளவு கட்டிக்கொண்டார். நொண்டிக்கொண்டே வாசல் வரை போனவர், அங்கே ஒருமுறை நின்று காலியான மைதானத்தை முழுக்கப் பார்த்துவிட்டு வெளியேறினார். ஹாஃப் சொன்னபடியே காரை எடுத்து வந்து காத்திருந்தார்.

நார்பெர்ட் மேசைக்குத் திரும்பினார். திரையில் அந்த இரண்டு எண்கள் அப்படியே இருந்தன. ஆள் போய்விட்டார், மர்மம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஒமாஹா எண். க்ரிஸ்ப்.

"டார்ப்லி போர்ட்லேண்டுக்குப் போயிட்டாராமே. டிவியில ஓடுது."

"ஆமா."

"அவங்க வேற பிரிவு, இனி அவரைப் பார்த்தா இறுதி ஆட்டத்துலதான் பார்க்கணும். நாங்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கப் போறதில்ல. அதனால சொல்லிடறேன். எத்தனை நாளைக்குத்தான் நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கிறது?"

நார்பெர்ட் பென்சிலை எடுத்தார். "சொல்லுங்க. அந்த ஒன்பது தடவையும் அவர் என்ன பண்ணினார்?"

"ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, 'தம்பி, நான் வலது பக்கம் திரும்பப் போறேன்'னு முகத்தைப் பார்த்துச் சொல்லுவாரு சார், சொன்ன பக்கமே திரும்புவாரு, நம்ம தொழில்ல எவன் சார் உண்மையைச் சொல்வான்?"